நந்தனார் கீர்த்தனைக்குப் பொருளுரைக்கும் முறை

சைவ உபாத்தியாயர்களே,

புரட்டாதி மாதத்து உரோகிணி நாள் திருநாளைப்போவார் நாயனாருடைய குருபூசைத் தினமாகும். அந்நாளிலே நாயனாருடைய சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்லி, கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளுள் ஒன்றிரண்டை மாணாக்கரைக் கொண்டு பாடுவிக்கும் வழக்கம் நம்மவரிடத்து உண்டு. பாடுதற்கு முன் பல நாள் பயிற்சி நடக்கும். இராகம் பிழைத்தால் ஆசிரியர் திருத்துவர். தாளம் தப்பினால் திருத்துவர். ழகரத்தை ளகரமாக ஒலித்த பிள்ளையை நிறுத்திப் பத்துமுறை சொல்லுவிப்பர். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் அப்பாட்டிலே பேசுகின்றவர் யார், அவர் யாரை நோக்கிப் பேசுகின்றார், எதனைக் கேட்கின்றார், கேட்டதற்கு விடை கிடைத்ததா என்று பிள்ளைகளை வினாவுவோர் மிகச் சிலரே. பொருளறியாது பாடும் பாட்டு நாவினளவில் நின்றுவிடும். தோத்திரப் பாட்டுக்குப் பொருளுணர்ச்சி இன்றியமையாதது என்று நம் முன்னோர் வற்புறுத்தியிருப்பவும், கீர்த்தனை தானே, இராகம் இனிதாயின் போதும் என்று நாம் விட்டுவிடுகின்றோம்.

இவ்விடயத்திலே நாம் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையின் முறையொன்றைச் சொல்லுதல் தகும். அங்கே கீதம் பாடிமுடிந்தவுடன், “இப்பாட்டில் ‘நான்’ என்பது யார்? ‘நீ’ என்பது யார்?” என்று கேட்பார்கள். விடை சொல்லாத பிள்ளை உட்காரமுடியாது. அவர்களுடைய சமயம் வேறு, நம்முடைய சமயம் வேறு. எனினும் அக்கேள்வி நல்ல கேள்வி. நாவலரவர்கள் அவர்களிடத்திருந்து அச்சுயந்திரத்தையும் பிரசங்க முறையையும் எடுத்துச் சைவத்துக்கு ஆக்கினார்களன்றோ? நாம் இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வதனாற் குறைவொன்றுமில்லை.

அக்கேள்வியை வைத்துக்கொண்டு மாஞ்சி இராகத்தில் அமைந்த மிகப் பிரசித்தமான கீர்த்தனையைப் பார்ப்போம். தில்லைக்கு வெளியே நிற்கும் நந்தனார், உள்ளே வருதல் தமக்குக் கூடுமோ என்று இறைவனைக் கேட்பதாக அது அமைந்துள்ளது. நாடக மேடையிலும், 1935 ஆம் ஆண்டில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படத்திலும், 1942 ஆம் ஆண்டில் தண்டபாணி தேசிகர் நடித்த படத்திலும் நந்தனார் சரித்திரம் பாட்டாகவே சனங்களிடஞ் சென்றது. கச்சேரி கேட்டறியாதவர்களும் இக்கீர்த்தனைகளை அறிவர். மாஞ்சியின் இயல்பு உருக்கம். ஆதலின் கேட்பவர் கண்ணீர் விடுகின்றனர். விட்டபின், “ஆகா! எவ்வளவு பணிவு! எவ்வளவு தாழ்மை!” என்று சொல்லி எழுந்து போகின்றனர். வகுப்பறையிலும் இவ்வாறே, “நந்தனாரிடத்திலிருந்து நாம் கற்கவேண்டியது பணிவு” என்று கரும்பலகையில் எழுதிப் பாடத்தை முடிக்கின்றோம்.

இப்பொருள் போதாது என்பதே நாம் இங்கே சொல்லப்புகுந்தது. உள்ளே வரலாமோ என்று ஒருவர் கேட்கின்றார் என்றால், வரலாகாது என்று அவருக்குத் தோன்றும்படி ஒன்று முன்னமே நிகழ்ந்திருத்தல் வேண்டும். பிறந்த குழந்தை தாயின் மடியை நோக்கிச் செல்லுங்கால் ‘வரலாமோ’ என்று கேட்பதில்லை. கேள்வியிலுள்ள பணிவைக் கண்டு மெச்சுகின்ற நாம், அக்கேள்வி எழுதற்குக் காரணமாய் நின்ற தடையைக் காணாது விடுகின்றோம். பாட்டு இறைவனை நோக்கியது என்பது உண்மை. ஆயின் வாயிலுக்கு உட்புறத்தே நிற்பவர் செவியிலும் அது விழுகின்றது. விழவேண்டும் என்றே பாரதியார் பாடினார் என்று நாம் கருதுகின்றோம்.

இதனைத் தெளிவதற்கு முதனூலாகிய பெரியபுராணத்தை அணுகல் வேண்டும். நாவலரவர்கள் 1852 ஆம் ஆண்டிலே வசனமாக்கி வெளியிட்டதும் நம் வித்தியாசாலைகளிற் பயிலப்பெற்றதும் அந்நூலேயாம். சேக்கிழார் சுவாமிகள் ஆதனூரை வருணிக்கும்போது வயலோடு நின்றுவிடாது, அவ்வூர்ப் புறத்தேயுள்ள சேரிக்குள்ளும் புகுகின்றார். அங்கே மரநிழலிலே தோலின்மேற் படுத்துறங்கும் உழத்தியின் குழந்தையைக் காண்கின்றார். புதைத்த பானைக்குள் அடைகாக்குங் கோழியைக் காண்கின்றார். கரிய இரும்புவளை அணிந்த சிறுவரையும், அவர்கள் விளையாடும் நாய்க்குட்டிகளையும், மாமரத்திலே தொங்கும் பறைகளையுங் காண்கின்றார். சோழன் அவையிலே அமைச்சராயிருந்தவர் என்று சொல்லப்படும் பெரியார் ஒருவர் இவ்விடத்தை இவ்வளவு ஆறுதலாக நின்று பார்த்திருக்கின்றார். அருவருப்பாக ஒரு சொல் அங்கே இல்லை. நாம் பாடஞ் சொல்லும்போது இச்செய்யுட்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, “நந்தனார் என்பவர் இருந்தார்” என்று தொடங்குகின்றோம். பரீட்சைக்கு வாராத பகுதி என்பது காரணம் போலும்!

அச்சேரியிற் பிறந்த நாயனார் செய்த தொண்டு யாதெனின், சிவாலயங்களிலே முழங்கும் பேரிகை முதலியவற்றுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்ததாகும். இதனைப் பிள்ளைகளுக்கு நன்றாக விளக்குக. பூசைக்காலத்திலே உள்ளே எழுந்த ஒலி இவர் கொடுத்த தோலின் ஒலி. மூலத்தானத்தின்முன் மீட்டிய யாழின் நரம்பு இவர் கையால் வந்த நரம்பு. தோல் போகக்கூடிய இடத்துக்கு அதனைத் தந்தவர் போகவில்லை. இவ்வொன்றைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருப்பீராயின், வகுப்பிலே யாராவது ஒரு பிள்ளை தானாகவே கேள்வி கேட்கும். நாம் கேட்பித்ததைவிட அது நன்று.

இனிப் பாரதியாருடைய நூல் புராணத்தினின்றும் எவ்வாறு வேறுபட்டது என்பதைச் சொல்லுவோம். புராணத்திலே நாயனாரைத் தடுத்தவர் ஒருவர் பெயருங் கூறப்படவில்லை. தமது பிறப்பை நினைந்து தாமே அஞ்சி நின்றார் என்றே சேக்கிழார் கூறுவர். பாரதியாரோ வேதியர் ஒருவரை நிலக்கிழாராகப் படைத்து, நந்தனாரை அவருடைய பண்ணையாளாக வைத்து, தில்லைக்குப் போக விடைகேட்டபோது அவ்வேதியர் சீறியதாகவும், நாற்பது வேலி நிலத்து வேலையை ஓரிரவில் முடித்தாற் போகலாம் என்று சொன்னதாகவும், சிவபெருமான் திருவருளால் அது முடிந்ததாகவும் பாடினார். பாரதியார் முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். சோழநாட்டுப் பண்ணைகளையும் பண்ணையாட்களையும் கண்ணெதிரே கண்டவர். பிறப்பினால் அந்தணர். தம்முடைய குலத்தவர் ஒருவரையே தடுப்பவராக வைத்துப் பாடினார் என்பது கவனிக்கத்தக்கது. பிறரைக் குற்றஞ்சாட்டுதல் எளிது.

இம்மாறுபாட்டைப் புலவர் பொறுக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடத்தே சிறப்புப்பாயிரம் கேட்டுப் பாரதியார் பலமுறை சென்றதையும், புராணத்துக்கு மாறுபட்டதென்றும் இலக்கணப் பிழைகள் உளவென்றும் கருதிப் பிள்ளையவர்கள் கொடாது காலங்கடத்தியதையும் சாமிநாதையரவர்கள் எழுதிவைத்துள்ளார்கள். ஒருநாள் பிள்ளையவர்கள் உண்டு உறங்கும் வேளையிலே பாரதியார் திண்ணையிலிருந்து தம் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே கேட்டிருந்த பிள்ளையவர்கள் மனம் உருகிச் சிறப்புப்பாயிரஞ் செய்து கொடுத்தார்கள். நூலும் காரைக்காலில் உத்தியோகத்திலிருந்த சீசையா என்னும் பிரெஞ்சுக்காரருடைய உதவியைப் பெற்று வெளிவந்தது. புராணத்துக்கு மாறானது என்று கீர்த்தனையைத் தள்ள நினைக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றைச் சிந்திப்பாராக. புராணம் கூறியது இது, கீர்த்தனை கூட்டியது இது என்று பிரித்துக் காட்டினாற் போதும். ஒன்றை மற்றொன்றாகக் கற்பித்தலே பிழை.

கீர்த்தனையிலே பெரும்பாலோர் மறந்துவிட்ட பகுதியொன்று உண்டு. ஓரிரவில் நாற்பது வேலியும் விளைந்திருக்கக் கண்ட வேதியர், தம் ஆளாகிய நந்தனாருடைய காலில் விழுகின்றார். அவரையே குருவாகக் கொண்டு உபதேசங் கேட்கின்றார். நந்தனார் கேட்டு நிற்கும் பாட்டைப் பாடுகின்ற நாம், வேதியர் விழுந்து வணங்கும் இடத்தைப் பாடுகின்றோமா? கேட்பவரை மட்டும் வைத்துக்கொண்டு, மனந்திரும்பியவரை விட்டுவிட்டோம். பாட்டிற் பாதியை எடுத்துப் பாதியை விடுதலும் ஒருவகைப் பொருளுரையே. பொருள் சொல்லாமலே சொல்லும் பொருளுரை அது.

திருப்புன்கூர்ப் பாட்டுக்களுக்கு வருவோம். சிவலோகநாதரைத் தேரடியில் நின்றாவது தரிசிக்க வந்த நந்தனாருக்கு, நந்தி பெருமலைபோலக் கிடந்து காட்சியை மறைக்கின்றது. அதனைச் சொல்லி அவர் வருந்தும் கீர்த்தனை ஒன்று. நந்தியைச் சற்றே ஒதுங்கியிருக்கும்படி இறைவன் சொல்லுங் கீர்த்தனை மற்றொன்று. இது பாரதியார் புதிதாகக் கூட்டியதன்று. அன்பர் நேரே கண்டு வணங்கும்படி பெருமான் தம் முன்னின்ற விடையை விலக்கியருளினார் என்பது சேக்கிழார் வாக்கு. இன்றும் அத்தலத்திலே நந்தி நேர்க்கோட்டினின்றும் விலகியே இருக்கின்றது. நாயனார் தோண்டிய திருக்குளமும் உண்டு.

இதன் பொருள் யாது? நந்தி துஷ்டமிருகமன்று. அடியாருள் முதல்வர், காவலர், சைவ ஆசாரிய பரம்பரைக்கு மூலவர். அவரிடத்தே நந்தனார்மீது பகையொன்றும் இல்லை. தம்முடைய இடத்திலே, தமக்குரிய கடமையிலே, இறைவனை நோக்கிய முகத்தோடேயே இருந்தார். இருந்தும் பின்னால் நின்ற ஒருவருக்கு மறைப்பாயினார். அண்மையிலிருப்பவர் இறைவனையே பார்த்துக்கொண்டிருப்பதனால், தமக்குப் பின்னே யார் நிற்கின்றார் என்று காணார். தீமை செய்யவேண்டும் என்னும் எண்ணம் இல்லாமலே ஒருவர் மற்றொருவருக்கு மறைப்பாயிருத்தல் கூடும். இறைவன் நந்தனாரை நோக்கி, “நீ சற்று நகர்ந்து நின்று பார்” என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலும் காட்சி கிடைத்திருக்கும். அருகிருந்தவரையே விலகச் சொன்னார். உபாத்தியாயர்களே, இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ?

இனி, வகுப்பிலே ஆசிரியரைத் திகைக்கவைக்கும் கேள்வியொன்று உண்டு. “ஐயா, நந்தனாரை ஏன் தீயிற் புகச் சொன்னார்கள்?” என்று பெரிய வகுப்பு மாணாக்கர் கேட்பர். தீயில் இட்டுக் கொன்றுவிட்டுக் கதை கட்டினார்கள் என்று எழுதியவர்களுடைய எழுத்தைப் படித்த பிள்ளையும் அங்கே இருக்கும். அப்பிள்ளையைச் சீறி உட்காரச் செய்தல் ஆசிரியருக்கு அழகன்று. ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களுக்கு உலகிலே நேர்ந்தவற்றை அறிந்தவன் அவ்வாறு ஐயுறுதல் இயல்பே. ஐயத்துக்கு விடை அதட்டல் ஆகாது.

புராணத்தில் உள்ளதை உள்ளவாறே சொல்லுக. தில்லையின் எல்லையை இரவும் பகலும் வலம்வந்து, தம் பிறப்பே தடையாயிற்று என்று நினைந்து துயின்ற நாயனாருக்கு இறைவன் கனவிலே தோன்றி, இப்பிறவி நீங்கும்படி எரியில் மூழ்கி அந்தணரோடு வருக என்று அருளினார். தில்லைவாழந்தணருக்கும் அவ்வாறே உணர்த்தினார். அவர்கள் அச்சத்தோடு நாயனாரிடத்து வந்து இறைவன் கட்டளையைச் சொல்லி, தென்றிசை வாயிலின்முன் தீயமைத்தார்கள். நாயனார் புகுந்து வேதமுனிவர் வடிவோடு எழுந்தார். அந்தணர் கைகூப்பித் தொழுதனர். அவ்வடிவோடு எவ்வளவு காலம் இருந்தார்? திருச்சபைக்குள் புகுந்த அளவில் ஒருவருங் காணாராயினர். அந்தணராய் வாழ்வதே நாயனாருக்குப் பேறாயின் சேக்கிழார் அவரை அங்கே சில காலம் வாழவைத்திருப்பார். பேறு இறைவனோடு கலத்தலேயாம். அந்தணராய்ப் பிறந்த திருஞானசம்பந்த சுவாமிகளும் நல்லூர்ப்பெருமணத்திலே சோதியிற் புகுந்தே பிறவி நீங்கினார்கள் என்பதையும் உடன் சொல்லுக. நீங்கவேண்டியது பறைச்சேரிப் பிறப்பு மட்டும் என்றால் அவர் புகவேண்டிய காரணமென்னை?

இவ்வளவு சொல்லியும் ஐயம் முற்றிலுந் தீராத மாணாக்கன் ஒருவன் இருப்பான். இருக்கட்டும். பூணூல் பூண்ட வடிவோடு ஏன் எழவேண்டும், எழுந்தபடியே ஏன் புகலாகாது என்று அவன் கேட்பது, கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவர் எல்லாருங் கேட்டதே. அவனுக்கு இன்னொன்றையுங் காட்டுக. திருத்தொண்டத்தொகை சேக்கிழாருக்கு முற்பட்டது. ஆதிசைவ அந்தணராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் அதிலே நாளைப்போவாரைச் செம்மையுடையவராகப் போற்றி, அவருக்குத் தம்மை அடியவராகச் சொல்லியிருக்கின்றார். அவ்விடத்திலே தீயைப்பற்றியோ வடிவு மாறியதைப்பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

நம் நாட்டு நிலையையும் மறைத்தல் தகாது. இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளிலும் முப்பதுகளிலும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே சில பிள்ளைகளை வாங்கில் இருத்தலாமா, நிலத்தில் இருத்தவேண்டுமா என்பது பெரும் வழக்காயிருந்தது. சாதிகாரணமாகக் கோயில், பாடசாலை, கடை முதலிய பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957 ஆம் ஆண்டில் இலங்கையிலே சட்டஞ் செய்யப்பட்டது. சட்டம் வந்து பதினோராண்டு கழிந்த பின்னும், 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் வழிபட வந்தவர்கள் தடுக்கப்பட்டார்கள், கலகமும் மூண்டது. தடுத்தவர்களுள் நந்தனார் கீர்த்தனை கேட்டு அழுதவர் ஒருவரும் இருந்திலர் என்று நம்மாற் சொல்லமுடியவில்லை. சிதம்பரத்திலோ சுவாமி சகஜானந்தர் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1916 ஆம் ஆண்டிலே நாயனார் பெயராலே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். வரலாமோ என்ற கேள்விக்கு ஓர் உபாத்தியாயர் கொடுக்கக்கூடிய விடை அதுவன்றோ? இற்றைநாளிற் கோயிற்கதவுகள் பெரும்பாலும் திறந்திருக்கின்றன. ஆயினும் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் வீட்டிலே தண்ணீர் குடிக்கும் என்பதை உபாத்தியாயர்களாகிய நீவிர் நம்மினும் நன்கறிவீர்.

ஆலயத்தின் தூய்மைக்காகவே தடுத்தோம் என்பார்க்குச் சித்தாந்த சாத்திரம் கூறும் விடை தெளிவானது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்திலே அடியாருடைய திருவேடத்தையும் திருவாலயத்தையும் ஓரிடத்தே வைத்து, இரண்டையும் அரனெனவே தொழும்படி விதித்தருளினார். ஒன்றைக் காக்கும்பொருட்டு மற்றொன்றைப் புறத்தே நிறுத்துதற்கு அச்சூத்திரத்தில் இடமில்லை. திருநீறணிந்து வாயிலில் நிற்பவர் முன்னே, உள்ளிருக்கும் மூர்த்திக்குச் செய்யும் வணக்கத்தையே நாம் செய்யக் கடவோம். இதனை உயர்வகுப்பிலே சூத்திரமாகவே படிப்பிக்கலாம். சிறு வகுப்பிலே படிப்பிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் நடந்துகாட்டினாற் போதும்.

இவ்வாண்டுக் குருபூசைக்கு நாம் வேண்டுவன சில. கீர்த்தனையைப் பாடுவிக்குமுன் ‘நான்’ யார், ‘நீ’ யார் என்னுங் கேள்வியைக் கேட்க. மாஞ்சிக் கீர்த்தனையோடு நிறுத்தாது, வேதியர் வணங்கும் பகுதியையும் பாடுவிக்க. புராணத்திலே ஆதனூர்ச் சேரியைச் சொல்லுஞ் செய்யுட்களை ஒருவரைக்கொண்டு வாசிப்பிக்க. நாடகமாக நடிப்பிக்கும் பாடசாலைகளிலே, நந்தனார் வேடத்துக்கு இன்ன பிள்ளை, வேதியர் வேடத்துக்கு இன்ன பிள்ளை என்று தெரியும்போது நும் மனத்திலே என்ன அளவுகோல் இருந்தது என்பதை நீவிரே பார்த்துக்கொள்க. பிள்ளைகள் அதனை உடனே அறிந்துகொள்வர். திருவுளச்சீட்டு இட்டு வேடங்களைக் கொடுத்தல் நன்று. நந்தியாக நடிப்பதற்குப் பெரும்பாலும் அட்டையில் எழுதிய உருவை வைத்துக் கயிற்றால் இழுக்கின்றார்கள். அவ்வாறன்றி ஒரு பிள்ளையையே நந்தியாக இருத்துக. நடுவிலே இருந்த அப்பிள்ளை, பின்னே நிற்கும் நந்தனாருக்காகத் தானே எழுந்து விலகி அமரும்படி மேடையின் ஒருபுறத்தே இடம் விட்டுவைக்க வேண்டும்.